நாணை விடும் கருவியும் அக்காவின் திருத்தங்களும்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா ஒரு கருவி வாங்கக் கடைக்குப் போனாள். கூடவே நானும் போனேன். அவ்வளவுதான். கனவில் வரவில்லை, ஜன்னலோர மழையில் உதிக்கவில்லை. எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருடமாக ஒரு வரியும் எழுதாதவனுக்கு அக்கா கடைக்குப் போவதே பெரிய இலக்கிய நிகழ்ச்சி.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்க ஊருக்கே உத்தரவு போடுபவள். நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வில்வித்தை பழகுகிறாள். அவளுடையது இரு முனையிலும் சக்கரம் வைத்த வில். அதன் நாணை விரலால் இழுப்பதில்லை. அதற்கு ரிலீஸ் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதன் கொக்கியில் நாணை மாட்டி இழுத்து, குறி பார்த்து, விசையை அழுத்தினால் கொக்கி திறக்கும், அம்பு கிளம்பும். அக்காவின் ரிலீஸ் மணிக்கட்டில் பட்டையாகக் கட்டிக்கொள்கிற வகை. விசையை ஆள்காட்டி விரலால் அழுத்த வேண்டும்.

போன வருடம் அக்காவின் வலது ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. ஆகவே புது ரிலீஸ், ஆகவே கடை, ஆகவே கதை.

2

ஆரம்ப வரிகள் சில எழுதிப் பார்த்தேன்.

"விரல் என்பது வெறும் விரலா? அது மனிதன் உலகை நோக்கி நீட்டும்—"

(நிறுத்திவிட்டேன். இதை எழுதிய ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். விட்டால் நாலு பக்கம் போவான்.)

"ராட்சத இயந்திரத்தின் பற்களுக்கிடையே அவளுடைய—"

(விரலை எடுத்தது இயந்திரம் இல்லை, கார் கதவு. கார் கதவில் காவியத்தன்மை கொஞ்சம் குறைவுதான். என்ன செய்ய?)

"அன்று வீசிய பெருங்காற்றில் கார் கதவு படாரென்று சாத்திக்கொண்டது."

இது நன்றாக இருந்தது. இதையே வைத்துக்கொண்டேன். காற்று வந்து மறுப்புத் தெரிவிக்கப்போவதில்லை.

3

வில் கடைக்காரம்மாவை அறிமுகப்படுத்த வேண்டும். "அவள் கண்களில் ஞானம் ததும்பியது" என்று எழுதி அடித்தேன். முப்பது வயது இருக்கும்; கண்களில் ததும்பியது ஜலதோஷம்.

மேசைமேல் மூன்று கருவிகளை வைத்தாள்.

"இது நீங்க வச்சிருக்கிற மாதிரியேதான், நடு விரலால அழுத்திப் பழகிக்கலாம். இது கைக்குள்ள பிடிக்கிறது, கட்டை விரலுக்குப் பட்டன் இருக்கு. மூணாவது கீல் வச்சது. இதுல பட்டனே கிடையாது."

"பட்டன் இல்லாம எப்படி விடும்?" என்று கேட்டேன்.

"நீங்களா அம்பு விடப்போறீங்க?"

"இல்ல."

"அப்ப அவங்க கேக்கட்டும்."

அக்கா அதே கேள்வியைக் கேட்டாள். பதில் உடனே வந்தது.

"முதுகால இழுத்துட்டே இருக்கணும். கை மெல்லத் திரும்பும். ஒரு இடத்துல கொக்கி தானா நழுவிடும். எப்பன்னு உங்களுக்கே தெரியாது."

"அதெப்படி? எனக்குத் தெரியணும்," என்றாள் அக்கா.

கட்டை விரல் பட்டன் வைத்ததை எடுத்துக்கொண்டாள். கைக்குள் அடங்குகிறதா என்று மூடி மூடிப் பார்த்தாள். பாதி விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அதையும் சேத்து மூடுங்க மேடம். அதுவும் வேலை செய்யட்டும்," என்றாள் கடைக்காரம்மா, மூக்கைத் துடைத்தபடி. அந்த விரலைப் பார்த்துவிட்டு முகம் மாறாமல் பேசிய முதல் ஆள் அவள்தான்.

(வாசகர் கவனத்துக்கு: சரியான கருவியை முதல் தடவையே வாங்கியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நீங்களும் உருப்படியாக வேறு வேலை பார்த்திருப்பீர்கள்.)

4

வில்லின் குறிப்புள்ளி இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தை நெருங்க வேண்டியதுதான், அக்காவின் கட்டை விரல் லிஃப்ட் பட்டனைக் குத்துவதுபோல் குத்திவிடும். முதல் வாரம் அம்புகள் வேலிக்குப் போயின. மூன்றாவது வாரம் ஒன்று பக்கத்து ஆளின் இலக்கில் போய்ச் சொருகிக்கொண்டது. "ரொம்ப நன்றிங்க," என்றார் அவர். "என்னோடதைவிட நல்லா விழுந்திருக்கு."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வில்லைத் தாங்கியில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"டப்புன்னு ஒரு சத்தம் வரப்போகுதுன்னு தெரிஞ்சாலே, அதுக்கு முந்தி முடிச்சிடணும்னு கை ஓடுதுடா. கதவு, டிராயர், எல்லாத்துக்கும் இப்படித்தான். ரெண்டு மாசத்துல கிளப் அணிக்கு ஆள் எடுக்கிறாங்க. அதுலயும் இப்படித்தான்னா வில்லை யாருக்காவது குடுத்துடுவேன்."

அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். நான் நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டேன். என்ன ஒரு வசனம்!

5

கீல் வைத்த கருவியை வாங்க மறுபடி போனோம். "நான் அப்பவே சொன்னேன்" என்று கடைக்காரம்மா சொல்லவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவளைக் கதையின் நாயகியாக்கலாமா என்று யோசித்தேன்.

முதல் நாளே பாதி இழுப்பில் அக்காவின் கை திரும்பிவிட்டது. கொக்கி நழுவியது. அம்பு தரையில் ஓட, அவளுடைய முஷ்டி அவளுடைய வாயிலேயே வந்து குத்தியது. உதடு கிழிந்து வீங்கியது. மறுநாள் எக்ஸ்ரே எடுக்க வந்த பெண்மணி ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டாராம்.

"என்னை நானே அடிச்சுக்கிட்டேன்னு சொன்னேன். எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்கன்னு கண்ணு கலங்கிட்டாங்க," என்றாள் அக்கா.

கடைக்காரம்மா உத்தரவு போட்டாள்: ஒரு மாதத்துக்கு வில்லைத் தொடக்கூடாது. கயிற்று வளையம் ஒன்றில் கொக்கியை மாட்டி வீட்டிலேயே இழுத்துப் பழக வேண்டும்.

6

கதை இந்த இடத்தில் நின்றுவிட்டது. அதுவரை எழுதியதை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். புத்தியுள்ள எழுத்தாளன் செய்கிற காரியமா?

ஹாலில் நின்றபடியே படித்தாள்.

"பெருங்காத்தா?"

"ஒரு சூழல் வேணும்லக்கா..."

"அன்னிக்கு ஒரு இலைகூட அசையலடா. கதவைச் சாத்தினது நீ."

(ஆமாம், நான்தான். அவள் பின்சீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போனில் பேசிக்கொண்டே வந்து, பார்க்காமல் சாத்தினேன். இவ்வளவு நேரம் உங்களிடம் மறைத்ததற்கு—)

"மன்னிப்பாவது கேட்டியா?"

"ஆஸ்பத்திரில கேட்டேனே!"

"டாக்டர்கிட்ட கேட்ட. அம்மாகிட்ட கேட்ட. வாட்ச்மேன்கிட்டகூடக் கேட்ட. என்கிட்ட கேக்கல."

யோசித்துப் பார்த்தேன். பழம் வாங்கிப் போனேன். கடைக்குத் துணைக்குப் போனேன். கதைகூட எழுதினேன். கேட்கத்தான் இல்லை.

"இந்தக் கயித்தைப் பிடி," என்றாள்.

வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் கொக்கியை மாட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோனாள். கயிறு விறைத்தது. அவளுடைய முஷ்டி தாடையருகே நின்றது.

"இப்பச் சொல்லு."

"அக்கா, இப்ப எதுக்கு..."

"சொல்லுடா. நான் இழுத்துட்டு இருக்கேன்."

"நான் பாக்கலக்கா. பாத்திருக்கணும். திரும்பிக்கூடப் பாக்காம சாத்திட்டேன். மன்னிச்சி—"

கொக்கி விட்டது. நான் பின்னால் போய் செருப்பு ஸ்டாண்டில் விழுந்தேன்.

அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "டேய், விட்டுருச்சு. எனக்குத் தெரியவே இல்லடா, எப்ப விட்டுச்சுன்னு!"

(இந்த இடத்தில் உங்களுக்கு ஏதாவது குறியீடு தட்டுப்பட்டால் அது உங்கள் சொந்தப் பொறுப்பு. எனக்குத் தட்டுப்பட்டது செருப்பு ஸ்டாண்டின் மூலை.)

"அப்ப மன்னிச்சிட்டியா?" என்று தரையிலிருந்து கேட்டேன்.

"எந்திரிச்சு இன்னொரு தடவை பிடி," என்றாள்.

அந்த மாதம் முழுக்கப் பிடித்தேன்.

7

கிளப் அணித் தேர்வு நாள். நீளமான உள்ளரங்கம். கடைசிச் சுற்றில் இரண்டு நிமிடத்தில் மூன்று அம்பு. இரண்டு போயாகிவிட்டது, எங்கே போயின என்று சொல்லமாட்டேன், காரணம் வருகிறது. மூன்றாவதை இழுத்தாள். குறி மஞ்சளில் நின்றது. கொக்கி விடவில்லை. கடிகாரத்தில் மீதி முப்பது நொடி. பழைய அக்காவாக இருந்தால் எப்போதோ குத்தித் தள்ளியிருப்பாள். இவள் அம்பை விடாமலேயே நாணை மெல்ல முன்னால் கொண்டுபோய் வில்லை இறக்கினாள். என் பக்கத்தில் நின்ற கடைக்காரம்மா "அப்பாடா!" என்றாள். அம்பு விடாததற்குச் சந்தோஷப்படுகிற விளையாட்டு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அக்கா ஒரு மூச்சு விட்டாள். மறுபடி இழுத்தாள். மீதி பன்னிரண்டு நொடி.

முடிவு அ: மணி அடிக்க ஒரு நொடி இருக்கையில் அம்பு மஞ்சளின் நட்டநடுவில். (கைதட்டல், கண்ணீர். எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: மணி முந்திக்கொண்டது. அக்கா பக்குவமாகப் புன்னகைத்தாள். (அக்கா பக்குவமாகப் புன்னகைத்து நான் பார்த்ததே இல்லை.)

முடிவு இ: உண்மையில் நடந்தது. அதையும் எழுதினேன். அக்கா படித்துவிட்டு அந்தத் தாளை மட்டும் நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "விரலைப் பத்தி எழுதின, உதட்டைப் பத்தி எழுதின, போகட்டும். இது என்னோடதுடா."

ஆக, எழுத எனக்கு அனுமதி இருப்பது இவ்வளவுதான்: பன்னிரண்டு நொடி. கொக்கி நாணில் இருக்கிறது. முழங்கை பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. அவள் முகத்தில் துளி அவசரமில்லை. அம்பை எங்கே அனுப்புவது என்று இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஏடாகூடமாக அனுப்பினால் அவளுக்குப் பதில் சொல்லவேண்டியதும் நீங்கள்தான்.