வளைவை மறைத்த வெட்டு

தையற்காரரின் கைக்கு ஈடில்லை என்பது அத்தெருவே அறிந்த செய்தி. தொந்தியை மறைக்கவும் கூனலை நிமிர்த்திக் காட்டவும் அவருடைய கத்தரிக்குத் தெரியும். தம்முடைய வளைந்த கால்களையும் அவர் அவ்வாறே, உட்புறம் அகலம் விட்டு வெட்டிய கால்சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார். மகள் நடக்கத் தொடங்கி அவள் கால்களும் வளைந்தபோது, அவளுக்கும் அதே வெட்டில் தைத்துப் போட்டார்.

சத்துக்குறைவு என்று ஒரு மருத்துவர் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுத்தார். சொட்டு மருந்து தீர்ந்தது; வளைவு கூடியது. பள்ளியில் பிள்ளைகள் அவளை 'வாத்து' என்றனர்.

எலும்பு மருத்துவமனையின் பெண் மருத்துவர், இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கால்சியம் சரியாத்தான் இருக்கு. எலும்பை உறுதியாக்குற பாஸ்பேட்தான் ரொம்பக் குறைவு. உங்க குடும்பத்துல யாருக்காவது கால் வளைஞ்சிருக்கா?"

"யாருக்கும் இல்லைங்க டாக்டர்" என்று தையற்காரர் மென்று விழுங்கினார்.

"ஏங்க, பேண்ட்டைத் தூக்கிட்டு அதைச் சொல்லுங்க!" என்றாள் மனைவி.

அவர் முகம் கறுத்தது. ஆயினும் மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினார்.

"அப்பா, நீயும் வாத்தா?"

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இப்பதான் விளங்குது. இது சாப்பாட்டுக் குறை இல்ல. சிறுநீரகம் பாஸ்பேட்டைத் தங்கவிடாம வெளியேத்துது. பரம்பரையா வர்ற அபூர்வ நோய். வெறும் வைட்டமின் டி போதாது. மரபணுவையும் பார்த்து உறுதி பண்ணிடலாம். வளர்ற வயசுலயே பிடிச்சா, கால் நிமிர நல்ல வாய்ப்பு இருக்கு."

மரபணுச் சோதனையும் அதையே உறுதிசெய்தது. பாஸ்பேட் கரைசலை நாள் முழுதும் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். கூடவே வேறு வகை வைட்டமின் டி. அளவு மிஞ்சினால் சிறுநீரகத்துக்குக் கேடு என்பதால், அடிக்கடி இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். தையற்காரரின் தீராத இடுப்பு வலிக்கும் அந்நோயே காரணம் எனத் தெரிந்து, அவருக்கும் மருந்து வந்தது.

"வாத்து அப்பா, முதல்ல நீ குடி!" என்பாள் மகள். இருவரும் ஒன்றுபோல் முகம் சுளிப்பர்.

சில ஆண்டுகள் சென்றன. ஒரு காலையில் மகள் புதுக் கால்சட்டையுடன் கடைக்குள் ஓடிவந்தாள்.

"அப்பா, அளவு தப்பு! நடுவுல துணி உரசுது."

"என் வெட்டுலயா தப்பு?"

அவர் குனிந்து பார்த்தார். பழக்கத்தால் உட்புறம் விட்ட அகலம், மறைப்பதற்கு வளைவின்றித் தொங்கியது. கால்கள் நேராக நின்றன.

"ஆமாடி, தப்புதான்! சுத்தத் தப்பு!" என்று கடை அதிரச் சிரித்தவர், அவளுடைய பழைய அளவுத்தாளைக் குறுக்கே கிழித்தார்.

"அப்போ எனக்கு அரைக்கால் சட்டை தைச்சுக் குடு."

அவ்வீட்டில் அதுவரை எவரும் அணியாத உடை அது. சுண்ணக்கட்டியை எடுத்துத் துணியை விரித்தவர், ஒன்று அவளுக்கும் ஒன்று தமக்குமாக வெட்டினார்.