சத்தம் வராத டி.வி.

கடைசியாக அவள் கணவர் சிரித்துக்கொண்டு செய்தது, சத்தம் வராத டி.வி.க்கு வசனம் பேசியதுதான்.

டயாலிசிஸ் பிரிவில் ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் தொற்று உள்ளவர்களுக்குத் தனி அறை; இரண்டே இயந்திரங்கள். ஒன்றில் அவர், மற்றதில் ஓய்வுபெற்ற கண்டக்டர். செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு அன்று கணவர் குரல் கொடுத்தார்: "மாத்திரை போட்டதில் சி கிருமி ஒழிந்தது. இவர் அடுத்த வாரம் வெளி ஹாலுக்கு மாறுகிறார். கண்டக்டருக்கு வயிறெரிகிறது."

"போங்க மச்சான். அடுத்த மாசம் மொதத் திங்கக்கிழமைலேர்ந்து எனக்கும் அதே மாத்திரைதான். ஒரு சீட் போட்டு வைங்க," என்றார் கண்டக்டர்.

வெளி ஹாலுக்கு அவர் போகவே இல்லை. கண் மஞ்சளாகி, கல்லீரல் கைவிட்டு, வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

"சி கிருமிக்குப் பின்னாடி பி-ங்கற இன்னொரு கல்லீரல் கிருமியும் ஒளிஞ்சிருந்திருக்கும்மா," என்றார் அங்கிருந்த டாக்டர். "சாதாரண டெஸ்ட்ல தெரியல. சி இருந்த வரைக்கும் அடங்கிக் கிடந்தது, அது போனதும் தலைதூக்கிடுச்சு. மாத்திரை நல்ல மாத்திரைதான். முன்னாடியே துருவிப் பார்த்திருக்கணும்."

வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பைப் பற்றவைப்பாள், அணைப்பாள். துவைத்த போர்வையையே மறுபடி ஊறவைப்பாள். கண்டக்டரைத் துருவிப் பார்த்தார்களா? சொன்னால் மிரண்டுபோய் மாத்திரையே வேண்டாம் என்பாரோ? சொல்லாவிட்டால்? ஞாயிறன்று செருப்பு மாட்டித் தெருமுனை வரை போய்த் திரும்பினாள். கண்டக்டர் சொன்ன அந்தத் திங்களன்று தலைகூட வாராமல் கிளம்பிவிட்டாள்.

கணவரின் இயந்திரத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

"வா தங்கச்சி. உட்காரு."

"மாத்திரை போட்டாச்சாண்ணே?"

"இந்தா, கையிலதான் இருக்கு. தண்ணியத்தான் அளந்து குடிக்கச் சொல்றாங்களே, சாப்பாட்டோட சேத்து முழுங்கிடலாம்னு வச்சிருக்கேன்."

நின்றபடியே சொன்னாள். கோர்வையாக வரவில்லை. "மாத்திரையில குத்தமில்லண்ணே. முதல்ல பி இருக்கான்னு ஆழமா பாக்கச் சொல்லுங்க. கேக்காம விட்றாதீங்க."

கண்டக்டர் மாத்திரையை டப்பாவில் திரும்பப் போட்டார். "மச்சான் சீட் போட்டு வச்சிருக்கிற எடத்துக்கு நான் அவசரமா கெளம்பியிருக்கேன் போல."

அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"சிஸ்டர், டாக்டரக் கொஞ்சம் வரச் சொல்லுங்க," என்று குரல் கொடுத்தார். "டிக்கெட் எடுக்காம உள்ள எவனும் ஏறியிருக்கானான்னு பாக்கணும்."

டாக்டர் வந்து கேட்டார். ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு வரும்வரை மாத்திரை வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

சுவரில் அதே பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். இருவரும் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டி.வி.யில் இன்னும் சத்தம் வரவில்லை.