முதுகில் விழுந்த முத்திரை

கிரேக்கத்தில் தங்க எனக்கிருந்த அனுமதி அன்று மதியத்தோடு முடிய இருந்தது. புதுப்பிக்கும் தாளில் முத்திரை மட்டும்தான் பாக்கி. அலுவலகமோ வேலைநிறுத்தத்தில் பூட்டிக் கிடந்தது. எழுத்தர் பனாயோதாவைக் கடற்கரைச் சாலை ஊர்வலத்தில் தேடிப் பிடித்தேன்.

"மேடம், முத்திரை விழலைன்னா என்னைத் துரத்திடுவாங்க."

"கடைசி நாள்ல வந்து நிக்கிற. அசல் கிரேக்கக்காரன் ஆயிட்டடா! எங்க சண்டை அரசாங்கத்தோட, உன்னோட இல்ல. இந்தா, பதாகையைப் பிடி."

வேறு யாரும் வேலை பார்த்துவிடக் கூடாதென்று முத்திரையைக் கைப்பையிலேயே கொண்டு வந்திருந்தார். தாளை என் முதுகில் விரித்து ஓங்கிக் குத்தினார்.

"ஆச்சு. சும்மா நிக்காத, கத்து!"

சற்றுமுன் எனக்கு அனுமதி தந்த அரசாங்கம் ஒழிக என்று தொண்டை கிழிய, மனமாரக் கத்தினேன்.