முத்திப்போன நாற்று

தொண்டூரில் ஜெயராணி மார்கழியிலேயே தக்காளி விதை விட்டிருந்தாள். தை பிறந்ததும் நாற்று கரும்பச்சையாக, குட்டையாக, நடவுக்குத் தயாராக நின்றது. கணவன் தோமினிக் நிலத்தை உழுது, நாற்று நட வரிவரியாக மண் அணைத்துப் பார் பிடித்துவிட்டான்.

அப்போதுதான் சென்னையில் வேலை செய்யும் அவனுடைய அண்ணன் ஆல்பர்ட் போன் செய்தார். "நிலத்தை அளந்து பங்கு பிரிக்கணும்டா. நான் வர்ற வரைக்கும் எதுவும் நடாத."

"எப்ப வருவாராம்?" என்றாள் ஜெயராணி.

"லீவு கெடைச்சதும்."

"அது வரைக்கும் நாத்து பொறுத்துக்கினு நிக்குமா? நட்டுடலாம். பயிரோட பிரிச்சிக்கட்டும்."

"அண்ணன் சொல்லிட்டாரு ஜெயா. எதுத்துப் பேச முடியுமா?"

பாத்தியில் நாற்று ஒன்றையொன்று நெருக்கியது. வீணாகப் போவானேன் என்று ஜெயராணி பாதியைப் பிடுங்கி, பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த மீனம்பாளுக்குக் கொடுத்தாள். தோமினிக்தான் கூடையைச் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

தை போனது. மாசியும் பாதி போனது. மிச்ச நாற்று ஒல்லியாக நீண்டு சாய்ந்து, பாத்தியிலேயே பூ வைத்தது. மாசிக் கடைசியில் ஆல்பர்ட் போனில், "எனக்கு லீவு இல்ல, நட்டுக்குங்க" என்றார்.

"முத்திப் போச்சு. இனிமே நட்டா வெயில்ல மாட்டிக்கும். இந்த வாட்டி விட்டுடலாம்" என்றாள் ஜெயராணி. தோமினிக் கேட்காமல் நட்டான்.

செடி வேர் பிடிக்கவே நாளாயிற்று. முழங்கால் உயரம்கூட வராமல் நின்றுவிட்டது. சித்திரை வெயிலில் வைத்த பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. விடிந்தால் பார் முழுக்க மஞ்சளாகக் கிடக்கும். மீனம்பாள் நிலத்திலோ கூடை கூடையாகத் தக்காளி செஞ்சி மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோமினிக்கே போய் வண்டியில் ஏற்றிவிட்டான்.

ஈஸ்டர் முடிந்து ஆல்பர்ட் வந்தார். "இன்னாடா இது? பக்கத்துல அப்பிடிக் காச்சிருக்குது, உனுக்கு இன்னா வந்துச்சு?"

தோமினிக் சட்டென்று சொன்னான்: "நாத்து சரியில்லண்ணா. இவ விட்டது."

ஜெயராணி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நிலத்துலயும் ஒரே நாத்துதான் மாமா. அவங்க தையில நட்டாங்க. நாங்க உங்களுக்காக உக்காந்திருந்தோம்" என்றாள்.

"பயிர் பண்ணத் தெரியலன்னா என்மேல போடுவீங்களா?" என்று ஆல்பர்ட் சிரித்தார். தண்ணீர் இருந்தும் விளைய வைக்கத் தெரியாதவர்களுக்குக் கிணறு எதற்கு என்று சொல்லி, கிணற்றுப் பக்கத்தைத் தன் பங்காக எடுத்துக்கொண்டார். தண்ணீர் ஏறாத மேட்டுப் பக்கம் தம்பிக்கு வந்தது. தோமினிக் தலையாட்டினான்.

ஜெயராணி அழவில்லை. அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஆடியில் மீனம்பாள் கத்தரி நடவுக்கு ஆள் தேடினாள். ஜெயராணி முதல் ஆளாகப் போய் நின்றாள். மதியம் தோமினிக் வரப்பில் வந்து நின்றான்.

"நம்ம ஊட்டுப் பொம்பள கூலி வேலைக்குப் போனா ஊரு இன்னா பேசும்? வா போலாம்."

"கெணறு போனப்ப வராத ரோசம் இப்ப வருதா?"

நாற்று இளசு, வாடுவதற்குள் நட வேண்டும். அவள் குனிந்து அடுத்த குழியைப் பறித்தாள். அவன் வரப்போடு திரும்பிப் போனான்.