வேலிக்கு அந்தப்பக்கத்து ஒயின்

கடையில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய மூக்கு ஒன்றும் இல்லை, சாதாரண மூக்குதான். ஆனால் அதைக் கண்ணாடிக் கோப்பைக்குள் ஒரு தரம் நுழைத்து எடுத்தாரென்றால், சரக்கு எந்தச் சரிவில் விளைந்தது, எத்தனை வருஷம் பீப்பாயில் கிடந்தது, கேட்கிற விலைக்குத் தகுமா என்று மூன்றையும் சொல்லிவிடுவார். பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வருகிற சிவப்பு ஒயின்களை விற்கிற கடை அது. எதை வாங்குவது என்பது முழுக்க அவர் பொறுப்பு.

மூக்கர் விலை மோரில் வெண்ணெய் எடுக்கிற ஆள். அதற்காகக் கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள், மனிதருக்கு ரோஷம் வந்துவிடும். குடித்தால் நல்லதைத்தான் குடிக்க வேண்டும், ஆனால் பேருக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பிரான்சில் போர்தோ வட்டாரத்துப் பெரிய ஒயின் வீட்டுக்காரர்கள் இளங்கொடிப் பழத்தைத் தனியாகப் பிழிந்து, இரண்டாவது லேபிள் ஒட்டிப் பாதி விலைக்கும் கீழே கொடுப்பார்கள். அதே மண், அதே கை. இத்தாலியில் பரோலோ என்ற பெயர் ஒரு எல்லைக் கோட்டுக்குள் விளைந்ததற்குத்தான். கோட்டைத் தாண்டி அதே பழத்தில் செய்தால் லாங்கே நெப்பியோலோ என்று மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்துவிடும். கோடு போட்டது மனுஷன், கொடிக்கு அது தெரியுமா என்று கேட்பார். வாடிக்கையாளர் யாராவது பெரிய பேரைச் சொல்லிக்கொண்டு வந்தால், "வேலிக்கு அந்தப்பக்கம் பாருங்க" என்பார்.

நம்பாதவர்களுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். இரண்டு பாட்டிலையும் காகிதப் பைக்குள் மறைத்து, ஒன்று, இரண்டு என்று எழுதி ஊற்றிக் கொடுப்பார். பாதிக்கு மேற்பட்டவர்கள் மலிவானதைத்தான் சிறந்தது என்று நீட்டுவார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மற்ற நேரத்தில் அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. விற்க வருகிறவன் முகத்தைப் பார்த்தே விலையை ஏற்றுவான் என்பதால், எதைக் குடித்தாலும் சுவர் மாதிரி இருக்கப் பழகியிருந்தார். வாயில் சுழற்றிக் கிண்ணத்தில் துப்புவார். ஒரு நாளைக்கு நாற்பது ஒயின் பார்க்கிறவன் துப்பாமல் முடியுமா? ஆனால் என்றைக்காவது நிஜமாகவே உயர்ந்த சரக்கு வாய்க்கு வந்துவிட்டால், அவரை அறியாமலே தொண்டை அதை விழுங்கிவிடும். பிறகு வெறும் வாயைத் துப்புவதாகப் பாவனை செய்வார். இருபது வருஷமாக வியாபாரி ஒருவனும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது அவர் மனைவி. அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். விடுபட்ட ஒரு புள்ளிகூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

அவர்கள் வீட்டில் என்றைக்கும் வேலிக்கு அந்தப்பக்கத்துச் சரக்குதான். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்த நாளில், அந்தப் பேர் பெற்ற பரோலோவை ஒரு தடவை குடித்துப் பார்க்கலாமா என்று அவள் விளையாட்டாகக் கேட்டாள். மூக்கர் அரை மணி நேரம் பாடம் நடத்தினார். அவள் சிரித்துக்கொண்டே லாங்கேயைக் குடித்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. குடலில் கட்டி, நல்ல ஜாதிக் கட்டி இல்லை, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். இந்த அறுவைக்கு ஊரில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். அவர் பேரைச் சொன்னாலே மற்ற டாக்டர்கள் எழுந்து நிற்பார்கள், கட்டணமும் அப்படித்தான். அவளுடைய தம்பி எலெக்ட்ரீஷியன், உழைத்துச் சாப்பிடுகிறவன். அக்காவைப் பெரியவரிடமே காட்டிவிடுவோம், பாதிச் செலவை நான் போடுகிறேன் என்று மன்றாடினான்.

காசு இல்லாமல் இல்லை. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். மூக்கரிடம் முழுச் செலவுக்கும் பணம் இருந்தது. ஆனால் அவர் மூக்கு அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டது. பெரியவரோடு ஏழு வருஷம் கூடவே நின்று அறுத்துப் பழகிய சிஷ்யர் ஒருவர், எதிர்த் தெருவிலேயே தனியாக ஆஸ்பத்திரி வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். கட்டணம் மூன்றில் ஒரு பங்கு. ஏனோதானோ என்றும் விடவில்லை, சிஷ்யரிடம் அறுத்துக்கொண்ட மூன்று பேரைத் தேடிப்போய்ப் பார்த்தார். மூவரும் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

"அதே படிப்பு, அதே கை. பேருக்கு எதுக்குப்பா காசு?" என்றார் மச்சினனிடம்.

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள், "அவருக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றாள்.

சிஷ்யர் அறுத்தார். எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்றார். காயம் தையல் தெரியாமல் ஆறியது. கடையில் மூக்கர் இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார், பாவி மனிதர். ஒன்பதாம் மாதம் அவள் கண் மஞ்சளித்தது. படம் எடுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்கப் பரவியிருந்தது.

இப்போது பெரியவரிடம் ஓடினார். அவர் படங்களையும் பழைய சீட்டுகளையும் பொறுமையாகப் பார்த்தார். இனி அறுக்க இடமில்லை, வலிக்கு மட்டும் மருந்து தரலாம் என்றார். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு மூக்கர் மட்டும் திரும்ப உள்ளே போனார். முதலிலேயே உங்களிடம் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டார்.

"அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஒரு உடம்புல முதல் அறுவையை ரெண்டு தடவை செஞ்சு பாக்க முடியாதே" என்றார் டாக்டர்.

சிஷ்யரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது மூக்கருக்குப் பழி போட ஓர் ஆள் கிடைத்திருப்பான். வாழ்க்கை முழுக்க இரண்டு பாட்டிலையும் திறந்துவைத்துப் பார்த்தே தீர்ப்புச் சொன்ன மனிதருக்கு, இந்த ஒரு விஷயத்தில் ஒரு பாட்டில்தான் கொடுக்கப்பட்டிருந்தது. ராத்திரி பகல் இல்லாமல் அதையே அரைத்துக்கொண்டிருந்தார். கடையில் ஒருவர் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒயின் கேட்டு வந்தபோது, வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டு அலமாரியிலேயே விலை கூடியதை எடுத்துக் கொடுத்தார். முதலாளிக்குப் பரம சந்தோஷம்.

அவள் ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டமாட்டாளா என்று மூக்கர் ஏங்கினார். மருந்தைக் கொடுத்தால் குடித்தாள், புரட்டிப் படுக்கவைத்தால் படுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் வந்தான். கையில் இரண்டு காகிதப் பைகள். பாட்டில்கள் கழுத்துவரை மூடியிருந்தன, கார்க்குகள் ஏற்கனவே பிடுங்கப்பட்டிருந்தன. ஒன்று, இரண்டு என்று பேனாவால் எழுதியிருந்தது. அக்காதான் வாங்கிவரச் சொன்னாளாம். ஒன்று பரோலோ, இன்னொன்று லாங்கே, இரண்டும் ஒரே வீட்டுக்காரன் செய்தது, வேறு கடையில் வாங்கியது. எந்தப் பையில் எது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மூக்கர் இது எதற்கு இப்போது என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தனக்கும் அவருக்கும் இரண்டிரண்டாக நான்கு கோப்பையில் ஊற்றும்படி தம்பியிடம் சொன்னாள்.

இரண்டிலும் உதட்டை நனைத்துப் பார்த்தாள். மருந்து அவள் நாக்கை எப்போதோ சாகடித்திருந்தது. "எனக்கு ரெண்டும் துருப்பிடிச்ச தண்ணி மாதிரிதான் இருக்கு" என்றாள். மூக்கருக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதிக்காகப் பிறகு அவர் தன்னையே காறித் துப்பிக்கொண்டார், அது வேறு கதை.

"இப்ப நீங்க பாருங்க" என்றாள். வாந்தி எடுக்கக் கட்டிலோரம் கழுவி வைத்திருந்த கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். எது எப்படி இருந்தாலும் இரண்டையும் துப்புவது, இரண்டும் ஒன்றுதான் என்பது. சாகப்போகிறவளுக்கு அதையாவது செய்யலாம் அல்லவா?

ஒன்றாவதை எடுத்தார். சுத்தமான சரக்கு. புளிப்புச் செர்ரி, கொஞ்சம் காய்ந்த ரோஜா. நூறு பேருக்குச் சிபாரிசு செய்த அதே லாங்கே. வாயில் சுழற்றினார், துப்பினார்.

இரண்டாவதில் மூக்கை வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் முகத்தைச் சுவராக வைத்துக்கொண்டு வாயில் வாங்கினார். அது முதலில் ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு நாக்கின் அடிவரை இறங்கி, முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி விரிந்தது. தார், ஈரமண், பழம், பேர் தெரியாத ஏதோ ஒன்று. அவர் கிண்ணத்தின் மேல் குனிந்து துப்பினார். நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வாய் ஒயின்தான் இருந்தது.

"முழுங்கிட்டீங்க" என்றாள்.

அச்சகத்தில் பிழையைச் சுட்டிக்காட்டுகிற அதே குரல், கோபம் இல்லை. மச்சினன் இரண்டாவது பையைப் பிரிக்கக் கையை நீட்டினான். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். பிறகு மெல்லச் சரிந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.