கிட்டுவின் கைகள்

இரண்டாவது விசிலும் கிட்டுவுக்குத்தான். பந்து அவனைத் தாண்டி உருண்டுகொண்டிருந்தது. அவன் பந்தைப் பார்க்கவில்லை. கோல் கம்பத்துக்கு முன்னால், சுண்ணாம்புக் கோட்டுக்குள், இரண்டு கைகளையும் அகல விரித்து எதிரணித் துளசிங்கத்தை மறித்து நின்றிருந்தான். நடுவர் சத்தார் பாய் பெனால்டி என்று கை காட்டினார்.

"தொடவே இல்லை பாய். ஒரு முழம் தள்ளித்தான் நின்னேன்."

"தொடணும்னு இல்ல தம்பி. கைய நீட்டி மறிச்சாலே தப்பு."

உலக யுத்தம் முடிந்த மறுவருஷக் கோடை. கே.ஜி.கண்டிகையின் காய்ந்த ஏரியில், விடுமுறைக்கு வந்த காலேஜ் பையன்கள் ஒரு பக்கம், அம்மையார்குப்பத்து நெசவாளிகள் மறுபக்கம். தொடாமல் என்ன தப்பு என்று காலேஜ் பையன்கள் சத்தார் பாயைச் சூழ்ந்துகொண்டார்கள். கரையிலிருந்தவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் தீர்ப்புச் சொன்னார்கள். அரக்கோணத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய், ஒரு காலத்தில் ரயில்வே டீமில் ஆடியவர். அசையவில்லை.

கிட்டுவின் வீட்டார் மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர்கள். எட்டு வயதிலிருந்து அவன் வேலை, நைவேத்திய அண்டாவுக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நடப்பது. அண்டாவை யாரும் தொடக்கூடாது. அவனும் யாரையும் தொடக்கூடாது. எதிரே ஆள் வந்தால் கை தானாக விரியும்.

முதல் பெனால்டியில் கோல் விழுந்து ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று ஆகியிருந்தது. இதைத் துளசிங்கம் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டான். காலேஜ் கேப்டன் நஜீர் அகமது கிட்டுவிடம் வந்தான்.

"இன்னொரு தபா கை விரிஞ்சுது, காலேஜ் தொறந்ததும் டீம் லிஸ்ட்ல உன் பேரு இருக்காது அய்யரே."

அந்த லிஸ்டுக்காகக் கிட்டு இரண்டு வருஷம் காத்திருந்தான். கரைக்கு ஓடித் துண்டை எடுத்துவந்தான். கைகளைப் பின்னால் கட்டச் சொல்லி நஜீரிடம் நீட்டினான். சத்தார் பாய் சற்று யோசித்தார். இதற்குத் தடை எதுவும் அவருக்கு நினைவில்லை. சக்கரத்து நட்டைப் பார்ப்பதுபோல முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். சந்தைக்குப் போகிற கோழி என்று கரையில் யாரோ சொல்ல, ஏரியே சிரித்தது.

கடைசி நிமிஷத்தில் துளசிங்கம் எல்லோரையும் கடந்து வந்தான். கோல்கீப்பரும் விழுந்துவிட்டான். கிட்டு மட்டும். தோள்கள் துடித்தன, துண்டு இறுகியது. பாய்ந்து நெற்றியைக் கொடுத்து, குப்புற விழுந்தான். பந்து கோட்டுக்கு வெளியே போனது. ஆட்டம் சமனில் முடிந்தது.

கை இல்லாமல் அவனால் எழ முடியவில்லை. துளசிங்கம்தான் தூக்கி நிறுத்தினான். சிரித்த சிரிப்பில் அவனுக்கு முடிச்சை அவிழ்க்க வரவில்லை.

"கையக் கட்டிகினு தடுத்துட்டியே சாமி."

காலேஜுக்கு வரும்போது அந்தத் துண்டையும் எடுத்துவா என்றான் நஜீர்.

மறுநாள் கிருத்திகை. மலையில் நிற்க இடமில்லை. மடைப்பள்ளியிலிருந்து பொங்கல் அண்டா புறப்பட்டது. முன்னால் கிட்டு, கைகளை விரித்தபடி. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு விசில். துளசிங்கம், வாயில் இரண்டு விரல்.

கிட்டுவின் கைகள் சட்டென்று இறங்கி முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. அண்டா நின்றது. என்னடா என்று அப்பா அதட்டினார். அதற்குள் துளசிங்கம் கூட்டத்தை விட்டு முன்னால் வந்து, அண்டாவுக்கு முதுகு காட்டி, தறியில் பழகிய நீண்ட கைகளை விரித்தான்.

"ஒத்திக்கங்க, ஒத்திக்கங்க."

கூட்டம் பிளந்தது. அவன் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு கிட்டு. அவனுக்கும் பின்னால் பொங்கலின் ஆவி.