கேரட்டுக்குப் பழைய மக்கு

1

இந்தக் கதை எனக்குச் சல்லடையில் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கனவில் வருகிறதாம், பயணத்தில் வருகிறதாம். எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மண் சலிக்கும்போது வந்தது. அதிலிருந்து தலை சுற்றுகிறது. எழுதினால் தெளியும் என்று உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தாயிற்று, தெளியவில்லை.

முதல் தொடக்கம்: "தையல்காரர் மண்வெட்டியை ஓங்கியபோது வானம்"

(வானத்துக்கு இங்கே என்ன வேலை? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "மண்ணுக்கு எல்லாம் தெரியும்."

(பொய். மண்ணுக்கு ஒன்றும் தெரியாது.)

2

மூன்றாவது பரவாயில்லை. ஒரு தையல்காரர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் போடுமளவு இடம். அதில் கேரட் போட வேண்டும் என்று அவர் மனைவிக்கு ஆசை. விதைக்கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்:

"ஒன்றரை அடி ஆழம் கொத்துங்க. கல்லு ஒண்ணுகூட இருக்கக் கூடாது, வேர் முட்டிக்கிட்டு கோணிக்கும். புது எரு மட்டும் போட்டுடாதீங்க, கேரட்டு ரெண்டு காலு மூணு காலா பிரிஞ்சிடும். நல்லா மக்கினது, பல வருஷத்துப் பழசு ஏதாவது இருக்கா?"

இருந்தது. மூலையில் ஒரு குப்பைக்குழி. மேலாக அள்ளிச் செடிகளுக்குப் போடுவார்களே தவிர, அடியை யாரும் தொட்டதில்லை.* தையல்காரர் குழியில் இறங்கி அடிமக்கை அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டினார். கல், கல், முட்டை ஓடு, ஒரு பொத்தான், இன்னொரு கல். அதை வீசப் போனவர் கையை நிறுத்தினார். அது கல் இல்லை, கல் வைத்த கம்மல். மனைவியுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால் காணாமல் போனது.

(* வெண்டைக்காய் போட்டிருந்தால் மேல் எருவே போதும். இந்தக் கதையே இருந்திருக்காது. வெண்டை எவ்வளவு நல்ல காய்!)

3

அப்போது தையல்காரரின் தங்கை பத்து நாள் தங்க வந்திருந்தாள். நாலாம் நாள் கம்மல் ஒன்றைக் காணோம். மனைவி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள்.

"காலையில குப்பைக்கூடையக் கொட்டினீங்களே, பாத்துட்டுத்தானே கொட்டினீங்க?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

"அப்ப வீட்டுல இருக்கிறது மூணே பேரு."

அவள் சொன்னது அவ்வளவுதான். சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்த தங்கை தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

"அண்ணி, என் பெட்டியத் திறந்து பாத்துக்குங்க."

அண்ணி திறந்து பார்த்தாள். கம்மல் இல்லை. ஆனால் பெட்டி திறந்தது திறந்ததுதான். சாயங்காலத்துக்குள் தங்கை கிளம்பிவிட்டாள். இன்றுவரை அந்த வாசல்படி மிதிக்கவில்லை.

4

இங்கே கதை மாட்டிக்கொண்டது. ஒரு தையல்காரர் கூடையைப் பார்க்காமல் கொட்டுவாரா? ஊசி விழுந்தால் தரையைத் தடவித் தடவி எடுக்கிற தொழில். இவ்வளவு அலட்சியம் அவருக்குப் பொருந்தவில்லை. தபால்காரராக மாற்றினேன். அவரும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கிறவர். பல் மருத்துவர், மின்சாரம் பழுது பார்ப்பவர், யாருக்குப் போட்டாலும் தொளதொளவென்று இருந்தது. எனக்குத்தான் கச்சிதமாக இருக்கிறது.

சரி. தையல்காரரும் இல்லை, ஒருவரும் இல்லை. நான்தான்.

கூடையில் பார்த்ததாகத்தான் நினைத்தே…

இல்லை. பார்க்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்தேன். "பாத்துட்டேன்" என்று வாய் தானாகச் சொன்னது. என் தங்கை தன் பெட்டியை மூடும்போதாவது ஓடிப்போய்க் குழியைக் கிளறியிருக்கலாம். பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்று அசையாமல் நின்றேன். அதை நினைத்தால் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

5

முடிவுகள். ஒன்று: கம்மலைக் கழுவி அலமாரிக்குப் பின்னால் போட்டு, மனைவியையே தேடி எடுக்க வைப்பது. (பழி முழுக்க அவள் தலையில் விழும். "அய்யோ, அநியாயமா சந்தேகப்பட்டுட்டேனே" என்று அவள் அழ, நான் தேற்ற வேண்டும். அந்தக் காட்சியை எழுதக் கை வரவில்லை.)

இரண்டு: பாத்தியிலேயே புதைத்து, மேலே விதை தூவி

(கேரட் பிடுங்கப்போவது அவள்தான், முட்டாளே.)

மூன்று: தங்கையிடம் மட்டும் சொல்வது. நேற்று போன் போட்டேன்.

"என்னண்ணே, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கேரட் போடப் போறோம்."

"போடுங்க, போடுங்க. அண்ணி நல்லா இருக்காங்களா?"

ஆறு வருடமாக ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். "இருக்கா" என்று வைத்துவிட்டேன்.

6

'வாசகரே, முடிவு உங்கள் கையில்' என்று எழுதிவிட்டு நைசாகக் கழன்றுகொள்ளலாம். பலர் அப்படிக் கழன்றிருக்கிறார்கள். எனக்கு வழியில்லை. என் கையெழுத்தைப் படிக்க உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். நான் எழுதித் தருவதையெல்லாம் கணினியில் அடிப்பவள் அவள். தையல்காரர் வந்தபோது சிரித்திருப்பாள். மூன்றாம் பகுதியில் சிரிப்பு நின்றிருக்கும்.

அதனால் வாசகர் என்று யாரும் இல்லை. நீதான்.

நேரில் சொல்லத் துப்பில்லாமல் இப்படிச் சுற்றி வளைத்திருக்கிறேன். நீ என் பேச்சை நம்பித்தான் அவளைச் சந்தேகப்பட்டாய். பெட்டியைத் திறந்தது உன் தப்பு, மற்றதெல்லாம் என்னுடையது. கம்மல் இந்தத் தாள்களுக்கு அடியில், உறைக்குள் இருக்கிறது.

முடிவை நான் எழுதவில்லை. கீழே பாதித் தாள் காலியாக விட்டிருக்கிறேன். அவளிடம் நீ பேசுகிறாயா, நான் பேசட்டுமா, கணினியில் அந்த இடத்தில் அடித்து வை. அடிக்க மனசு வராவிட்டால் ஜன்னலைத் திறந்து திட்டு. பின்னால் பாத்தியில்தான் இருக்கிறேன், காது கேட்கிற தூரத்தில்.